தபால் தலையும் தாமிரபரணிச் சீமையும்

கடிதம் எழுதுகிறோம், உறையிலிட்டு ஒட்டுகிறோம், முகவரி எழுதுகிறோம், பிறகு வலப்புற மேல் மூலையில் ஒரு சிறு தாளை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். அந்தச் சிறு தாளுக்குத் தபால் தலை என்று பெயர். அஞ்சல் தலை என்றும் சொல்லுகிறோம். அது எதற்காக ஏற்பட்டது, அதனை எங்கே செலுத்தலாம், எங்கே செலுத்தலாகாது என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை. என் ஆச்சியின் பெட்டியில் இருந்த ஒரு கடிதமே என்னை எண்ண வைத்தது.

ஆச்சி என்றால் என் தந்தையைப் பெற்றவள். பிறந்த ஊர் செங்கோட்டை. வாழ்க்கைப்பட்ட ஊர் அம்பாசமுத்திரம். அவள் காலமான பின் அவளுடைய மரப்பெட்டியைத் திறந்தபோது, மஞ்சள் துணியொன்றில் சுற்றிய பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. அதன்மேல் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் உருவம் பொறித்த தலை ஒட்டியிருந்தது. கட்டணம் நிலுவை என்று பொருள்படும் ஆங்கில முத்திரையும், பெற மறுத்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் மையால் எழுதிய குறிப்பும் அதன்மேல் இருந்தன. தலைதான் ஒட்டியிருக்கிறதே, பிறகு நிலுவை எப்படி வந்தது? இந்த வினாவுக்கு விடை காண வேண்டுமானால் தபால் தலையின் வரலாற்றைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

தபால் தலை தோன்றுவதற்கு முன்னும் தபால் இருந்தது. ஆனால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுகிறவரே கொடுத்தார். இங்கிலாந்தில் கடிதம் எத்தனை தாள், எத்தனை தொலைவு என்று கணக்கிட்டுக் கட்டணம் விதித்தார்கள். அது ஏழைகளுக்கு எட்டாத தொகை. ஆகவே சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். உறையின் மேற்புறத்தில் முன்னரே பேசி வைத்துக்கொண்ட அடையாளம் ஒன்றை இட்டு அனுப்புவார்கள். பெறுகிறவர் அதைப் பார்த்துச் செய்தியை அறிந்துகொண்டு, பணம் இல்லை என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடிதத்தைச் சுமந்து வந்த தபால் இலாகாவுக்கு உழைப்பு மிச்சம், ஊதியம் இல்லை.

இந்நிலையை மாற்ற வழி சொன்னவர் ரோலந்து ஹில் என்பவர். 1837ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட சிறு நூலில் கூறிய யோசனைகளை மூன்றாகச் சுருக்கிச் சொல்லலாம். கட்டணத்தை அனுப்புகிறவரே செலுத்த வேண்டும். முன்னதாகவே செலுத்த வேண்டும். தொலைவைப் பாராமல் எடையை மட்டுமே பார்த்துக் கட்டணம் விதிக்க வேண்டும். அரை அவுன்சுக் கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னியில் போகலாம் என்றாயிற்று. அந்தப் பென்னியைச் செலுத்திவிட்டதற்கு அத்தாட்சி வேண்டுமல்லவா? அதற்காகவே 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் விக்டோரியா அரசியின் தலை பொறித்த கறுப்புத் தாள் பிறந்தது. உலகின் முதல் ஒட்டும் தபால் தலை அதுவே.

எனவே தபால் தலை என்பது ஒரு ரசீது. ‘இக்கடிதத்தைக் கொண்டு சேர்க்கும் கூலியை நான் முன்பணமாகப் பெற்றுக்கொண்டேன், ஆகையால் கொண்டு சேர்ப்பேன்’ என்று அதனை வெளியிட்ட அரசு தரும் வாக்குறுதி அது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், தபால் தலை பற்றிய விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1837ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளில் தபால் நடத்தும் உரிமையைத் தனதாக்கிக்கொண்டது. அப்போது தொலைவுக்கேற்பவே கட்டணம் வாங்கினார்கள். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக் கடிதம் அனுப்ப ஒரு ரூபாய் ஆயிற்று. சாமானியர் கடிதம் எழுதுவது எங்ஙனம்?

1852ஆம் ஆண்டு சிந்து மாகாணத்தில், அதன் ஆணையர் பார்ட்டில் பிரியர் தம் பகுதிக்கு மட்டும் தபால் தலை வெளியிட்டார். ஆசியாவின் முதல் தபால் தலை அது. அதன்பின் 1854 அக்டோபர் முதல் நாளன்று, கம்பெனி ஆட்சிக்குட்பட்ட நாடு முழுவதற்கும் பொதுவான தலைகள் நடைமுறைக்கு வந்தன. அரையணாத் தலை நீலம். ஓரணாத் தலை சிவப்பு. இரண்டணாத் தலை பச்சை. நாலணாத் தலைக்கு நீலமும் சிவப்புமாக இரண்டு நிறம். இரண்டணாத் தலை தவிர மற்றவற்றை நிலஅளவைத் துறையைச் சேர்ந்த கேப்டன் துய்லியரின் பொறுப்பில் கல்கத்தாவில் கல்லச்சில் அச்சிட்டார்கள். இன்று காண்பதுபோல ஓரத்தில் துளைகள் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கால் தோலா எடைக் கடிதத்துக்கு அரையணா. கால் தோலா என்பது ஏறத்தாழ மூன்று கிராம். மெல்லிய தாள் ஒன்றை மடித்து அனுப்பப் போதும். தொலைவு கணக்கில்லை. பாளையங்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் அரையணா. லாகூருக்கும் அதே அரையணா. நெல்லைச் சீமையின் விவசாயியும், வடக்கே படையில் சேர்ந்துவிட்ட மகனும் ஒருவரையொருவர் நலம் விசாரிக்க அரையணா போதும் என்றால், அது எத்தகைய மாறுதல் என்று எண்ணிப் பாருங்கள். 1879ஆம் ஆண்டு காலணாவில் தபால் கார்டும் வந்து சேர்ந்தது.

முன்பணம் செலுத்தாமல் கடிதம் போட்டால் என்ன ஆகும்? கடிதத்தைக் கிழித்தெறிந்துவிட மாட்டார்கள். கொண்டுபோய்க் கொடுப்பார்கள், ஆனால் கட்டணத்தைப் போல் இருமடங்கு பெறுகிறவரிடம் கேட்பார்கள். தலை ஒட்டியும் மதிப்புக் குறைந்திருந்தால், குறைந்த தொகையின் இருமடங்கு. இதைத்தான் நம் பக்கத்தில் பேரிங் தபால் என்று சொன்னார்கள். பெறுகிறவர் பணம் கொடுக்க மறுத்தால், கடிதம் அனுப்பியவரிடமே திரும்பும். அவர் அத்தொகைக்குப் பொறுப்பாவார். அடையாளமிட்டு ஏமாற்றும் பழைய தந்திரத்துக்கு இவ்விதி அணை போட்டது. விதி நியாயமானதுதான். ஆனால் எந்த விதியும் உறைக்குள் இருக்கும் செய்தி இன்னதென்று அறியாது.

இனி என் ஆச்சியின் ஊருக்குப் போவோம். குற்றால மலையின் அடிவாரத்தில் இருக்கும் செங்கோட்டை இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. தென்காசி மாவட்டம் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 2019ஆம் ஆண்டு பிரிந்தது. ஆனால் 1956 நவம்பர் முதல் தேதி வரையில் செங்கோட்டை திருநெல்வேலியைச் சேர்ந்ததன்று. முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி இராஜ்யத்தையும் சேர்ந்திருந்தது. தென்காசி சென்னை மாகாணம். இரண்டு ஊர்களுக்கும் இடையே சில மைல் தொலைவுதான். குற்றாலத்துச் சாரல் இரண்டு ஊர்களையும் ஒன்றாகவே நனைக்கும். பேச்சும் ஒன்று, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் உண்டு. ஆனால் நாணயம் வேறு, தபாலும் வேறு.

திருவிதாங்கூரில் நடந்த தபாலுக்கு அஞ்சல் என்று பெயர். முதலில் அரசாங்கக் காரியங்களுக்காக ஏற்பட்டு, சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. சலங்கை கட்டிய கோலைக் கையில் பிடித்து ஓடும் அஞ்சலோட்டக்காரன் அந்நாட்டில் எல்லோரும் அறிந்த உருவம். இன்று தமிழ்நாடு முழுவதிலும் அஞ்சல் நிலையம், அஞ்சல் துறை என்று நாம் வழங்குகிறோமல்லவா? அதே சொல்தான்.

1888ஆம் ஆண்டு, மூலம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், திருவிதாங்கூர் தனக்கெனத் தபால் தலைகளை வெளியிட்டது. அவற்றில் அரசியின் தலையோ அரசரின் தலையோ இல்லை. சமஸ்தானத்தின் சின்னமாகிய சங்கே அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது. விலையும் அணாவில் இல்லை; ஒரு சக்கரம், இரண்டு சக்கரம், நான்கு சக்கரம் என்று இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம். இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று கணக்கு. எல்லையில் வாழ்ந்தவர்கள் இவ்விரண்டு கணக்கையும் விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாட்டியாலா, குவாலியர் முதலான ஆறு சமஸ்தானங்கள் பிரிட்டிஷ் அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தன. அவை இந்தியத் தலைகளின்மீதே தம் பெயரை அச்சிட்டு வழங்கின. அத்தலைகள் இந்தியா முழுவதும் செல்லும். திருவிதாங்கூர் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதன் அஞ்சல் தனியானது. ஆகையால் அதன் தலை பிரிட்டிஷ் இந்தியாவில் செல்லாது. வாக்குறுதி கொடுத்தவர் திருவிதாங்கூர் மகாராஜா. அம்பாசமுத்திரத்தில் கடிதம் கொண்டு கொடுக்கும் தபால்காரரோ இந்தியத் தபால் இலாகாவின் ஊழியர். ஒருவர் வாங்கிய முன்பணத்துக்கு மற்றொருவர் எப்படிக் கடன்பட்டவராவார்?

என் ஆச்சியின் கடிதத்துக்கு நேர்ந்தது இதுதான். 1944ஆம் ஆண்டு. செங்கோட்டையில் ஆச்சியின் தாயார் நோயுற்றுப் படுத்துவிட்டார். மகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஆச்சியின் தமையனார் உடனே புறப்பட்டு வரும்படி நான்கு வரி எழுதினார். அந்த வீட்டில் எப்போதும் அஞ்சல் தலைதான் வாங்கி வைத்திருப்பார்கள். அம்பாசமுத்திரத்துக்கு எழுதும்போது மட்டும் இந்தியத் தலை வாங்கி ஒட்டுவது வழக்கம். அன்றைய பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை. கையில் கிடைத்த தலையை ஒட்டி, சந்தைக்காகத் தென்காசிக்குப் புறப்பட்ட ஒருவரிடம் கொடுத்து, அங்கே தபாலில் சேர்க்கச் சொன்னார். அவரும் சொன்னபடியே சேர்த்துவிட்டார்.

தென்காசியில் அது தலை ஒட்டாத கடிதமாகவே கருதப்பட்டது. விதிப்படி அப்படித்தான் கருத வேண்டும். இருமடங்கு நிலுவையோடு அம்பாசமுத்திரம் வந்தது. வாசலில் ஆச்சியின் மாமனார் உட்கார்ந்திருந்தார். முன்னர் இரண்டு மூன்று முறை எவரோ வேண்டுமென்றே கையெழுத்தில்லாத வசைக் கடிதங்களைப் பேரிங்கில் அனுப்பி, அவற்றைக் காசு கொடுத்து வாங்கி அவர் மனம் நொந்திருந்தார். ‘பேரிங் தபால் எதையும் இந்த வீட்டில் வாங்குவதில்லை’ என்று சொல்லித் திருப்பிவிட்டார். உள்ளே அடுக்களையில் இருந்த ஆச்சிக்கு அது தெரியாது.

மகள் வரவில்லை, பதிலும் வரவில்லை என்று கண்டு, தமையனார் ஐந்தாம் நாள் ஆள் அனுப்பினார். ஆச்சி இரயிலேறிச் செங்கோட்டை போய்ச் சேர்ந்தபோது தாயாருக்கு நெருப்பிட்டு முடிந்திருந்தது. ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம். கடிதம் பல நாள் கழித்துத் தமையனாரிடமே திரும்பிற்று. அவர் நிலுவையைக் கட்டி வாங்கி, பிறகொரு நாள் தங்கையின் கையில் கொடுத்தார். அதைத்தான் அவள் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

இதில் யாரைக் குறை சொல்வது? தபால் ஊழியர்கள் விதிப்படி நடந்தார்கள். மாமனார் பட்ட அனுபவம் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. தமையனாரோ தம் பதற்றத்தை எண்ணி ஆயுள் முழுவதும் வருந்தினார். ஆச்சி எவரையும் குறை கூறிப் பேசியதை என் தந்தையார் கேட்டதில்லை. ஆனால் ஒரு வழக்கம் மட்டும் அவளிடம் நிலைத்துவிட்டது. வீட்டிலிருந்து எந்தக் கடிதம் போனாலும் அவள் கையில் ஒருமுறை கொடுத்து வாங்க வேண்டும். ‘ஏல, தலையைப் பார்த்து ஒட்டினியா?’ என்று என்னை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். எழுத்தறியாத கிழவி எதைப் பார்க்கிறாள் என்று நான் சிறுவயதில் சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பதில்லை.

இனி, தலையைச் செலுத்துவது பற்றிய மற்ற விதிகளையும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். முன்சொன்ன அடிப்படையை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் புலப்படும்.

ஒரு முன்பணத்துக்கு ஒரு பயணம்தான். அதனால்தான் தபால் நிலையத்தார் தலையின்மேல் தேதி முத்திரை குத்துகிறார்கள். ஒருமுறை செலுத்திய தலையை மீண்டும் செலுத்துவதும், முத்திரையின் மையை அழித்துவிடுவதும் குற்றம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 262, 263 ஆகிய பிரிவுகள் இதனைக் கூறின. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதீய நியாய சன்ஹிதாவிலும் இச்செயல்கள் குற்றமாகவே இருக்கின்றன. முத்திரை விழாமல் தப்பி வந்த தலையை ஆவியில் காட்டிப் பெயர்த்தெடுத்து ஒட்டுவதைச் சிக்கனம் என்று சிலர் கருதுகிறார்கள். கூலி கொடுத்த வண்டி ஒருமுறை போய் வந்தபின், பழைய கூலிக்கே மறுமுறையும் போ என்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. பயன்பட்ட தலையைச் சேகரித்து ஏட்டில் ஒட்டி மகிழலாம், அதற்குத் தடையில்லை.

கிழிந்த தலையும், உருத்தெரியாமல் கறைபட்ட தலையும் செல்லா. பாதி ரசீதை யார் ஒப்புக்கொள்வார்கள்? தலையை முகவரிப் புறத்தில் வலப்பக்க மேல் மூலையில் ஒட்டுவதும் அழகுக்காக ஏற்பட்டதன்று. நூற்றுக்கணக்கான கடிதங்களை அடுக்கி வைத்து ஒரே வீச்சில் முத்திரையிடுகிறவர், ஒவ்வொன்றிலும் தலையைத் தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா?

மற்றொன்று, ரசீதுகளில் ஒட்டும் வருவாய் வில்லை. ரெவின்யூ ஸ்டாம்பு என்று வழங்குவது அதுதான். 1906ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் அரையணா, ஓரணாத் தலைகளில் தபாலுக்கும் வருவாய்க்கும் என்று சேர்த்தே அச்சிட்டார்கள். அதே தலையைக் கடிதத்திலும் ஒட்டலாம். பணம் பெற்றுக்கொண்ட சீட்டிலும் ஒட்டலாம். இப்போது இரண்டும் வேறு வேறு. வருவாய் வில்லையைக் கடிதத்தில் ஒட்டினால் அது முன்பணமாகாது; கடிதம் பேரிங் ஆகும். பணச்சீட்டில் வில்லையின் குறுக்கே நாமே கையெழுத்திடுகிறோம். தபால் நிலையத்தார் முத்திரை குத்துவதும், நாம் குறுக்கே கையெழுத்திடுவதும் ஒரே நோக்கமுடையவை; அந்த வில்லை மறுபடி பயன்படாமல் செய்வதே அந்நோக்கம்.

எல்லை குறித்த விதிக்கு மீண்டும் வருகிறேன். 1949ஆம் ஆண்டு திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. காசும் சக்கரமும் பொறித்த பழைய தலைகளின்மேல் பை, அணாக் கணக்கில் புது விலையை அச்சிட்டு வழங்கினார்கள். அவசரத்தில் அச்சிட்டமையால் தலைகீழாக அச்சானவையும் உண்டு. தலை சேகரிப்போர் இன்றும் அவற்றைத் தேடுகிறார்கள். 1950ஆம் ஆண்டு வெளிவந்த கடைசித் தலைகளுள் ஒன்றில், முதல் தலையில் இருந்ததுபோலவே சங்கு இடம்பெற்றது. 1951ஆம் ஆண்டில் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. செங்கோட்டை சென்னை இராஜ்யத்தோடு இணைவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, செங்கோட்டைக் கடிதம் அம்பாசமுத்திரத்துக்குத் தடையின்றி வந்துவிட்டது. ஊர்களுக்கிடையே இருந்த எல்லைக்கு முன்பாக, கடிதங்களுக்கிடையே இருந்த எல்லை அழிந்தது எனலாம்.

வாக்குறுதி கொடுப்பவர் மாறியபோது தலையில் பொறித்த முகமும் மாறியது. 1947 நவம்பர் 21இல் சுதந்திர இந்தியாவின் முதல் தலை, தேசியக் கொடியோடும் ஜெய் ஹிந்த் என்ற சொல்லோடும் வந்தது. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரின் உருவம் 1960ஆம் ஆண்டு தபால் தலையில் ஏறியது. 1908ஆம் ஆண்டு திருநெல்வேலி நீதிமன்றம் தண்டனை விதித்துச் சிறைக்கனுப்பிய வ. உ. சிதம்பரம் பிள்ளையின் உருவம், அவருடைய நூற்றாண்டான 1972இல் ஏறியது. எந்த அரசு அவரைக் குற்றவாளி என்றதோ, அந்த அரசின் தலைகள் பழம்பொருளாகிவிட்டன. அவர் முகம் பொறித்த தலை, நம் அரசின் வாக்குறுதியைத் தாங்கி நாடெங்கும் சென்றது.

இன்று நாம் எழுதும் கடிதங்கள் குறைந்துவிட்டன. செய்தி நொடியில் போய்ச் சேர்கிறது. 1898ஆம் ஆண்டின் தபால் நிலையச் சட்டமும் போய், 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் முதல் அதனிடத்தில் வந்திருக்கிறது. ஆயினும் விண்ணப்பம், அழைப்பிதழ், முதியோருக்கு எழுதும் நாலு வரி என்று ஏதோ ஒன்று இன்னும் தபாலில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்படி ஒன்றை அனுப்பும்போது, எடைக்கு உரிய கட்டணம் இன்னதென்று கேட்டு, கிழியாத, பயன்படுத்தாத, உரிய தலையை, உரிய மூலையில் ஒட்டுங்கள். பேரிங்கில் ஏதேனும் உங்கள் வாசலுக்கு வந்தால், திருப்பி அனுப்புமுன் யாருக்கு வந்தது என்று பார்த்து, அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். இது எந்தச் சட்டத்திலும் எழுதாத விதி. மஞ்சள் துணியில் சுற்றிய அந்தக் கடிதத்தைப் பார்த்த நாள் முதல் எங்கள் வீட்டில் நாங்கள் கைக்கொண்டிருப்பது.